பெரியவருக்கு ஒன்றாம் வரிசை

வீட்டில் எதைச் சொன்னாலும் கடைசியில் "கேக்குதா?" என்று என் அக்கா சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தபோதுதான் விஷயம் முற்றிவிட்டது என்று எனக்கு உறைத்தது. உப்பை இந்தப் பக்கம் தள்ளு, கேக்குதா? கதவைச் சாத்து, கேக்குதா? மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் என்னிடம், நான் ஏதோ பக்கத்து ஊரில் இருப்பதுபோலக் கத்தினாள். நாத்தனாருக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று என் மனைவி பயந்தாள். காதுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் பார்க்கும் வேலை அப்படி ஆகிவிட்டது.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது அவள் குரலைத்தான். எந்த டாக்டர் எந்த மாடி, எந்த வார்டுக்கு எப்போது பார்வை நேரம், எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அழுதுகொண்டு கூப்பிடுகிறவர்களை இரண்டு வார்த்தையில் நிதானத்துக்குக் கொண்டுவந்து, சரியான இடத்துக்கு இணைப்புக் கொடுத்துவிடுவாள். கணவர் இறந்த பிறகு எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தவள், வந்த அன்றே ஒன்றைச் சொல்லிவிட்டாள். தம்பி வீட்டில் இருப்பேன், தம்பி தயவில் இருக்கமாட்டேன். ஆபரேட்டர் நாற்காலி அவளுக்கு இருக்கும்வரைதான் அந்த வாக்குக்கும் உயிர் இருந்தது.

நான் அதே மருத்துவமனையில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவன். எல்லாரும் என்னை 'நெட்டு' என்பார்கள். ஏதாவது நின்றுபோனால் நெட்டைக் கூப்பிடு என்பார்கள்; எல்லாம் ஒழுங்காக ஓடினால் நான் எதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று கேட்பார்கள். என் அறை தரைக்குக் கீழே, துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் எனக்கு எப்போதும் சோப்பு வாசனை அடிக்கும் என்று மனைவி சொல்வாள். அந்த அறையில்தான் பிரதான ஸ்விட்ச் இருந்தது. ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கேபிள் அதில் வந்து சேரும். கட்டடத்தில் யார் எதை அனுப்பினாலும், அது எக்ஸ்ரே படமாக இருந்தாலும் டெலிபோன் பேச்சாக இருந்தாலும், இந்தப் பெட்டிக்குள் நுழைந்துதான் போயாக வேண்டும்.

அக்காவின் தொண்டைக்குச் சனி பிடித்தது பெரியவர் வடிவத்தில். பெரியவர் என்றால் எங்கள் தலைமை இயக்குநர். நல்ல மனுஷர்தான், தன்னைப் பற்றிய நினைவு மட்டும் கொஞ்சம் அதிகம். அவருடைய வரவேற்புரையை மாடிக்கு மாடி பெரிய திரைகளில் ஓயாமல் ஓடவிடலாம் என்று மக்கள் தொடர்பு அதிகாரி ஒரு யோசனை சொன்னார். இந்த அதிகாரியை நாங்கள் பி.ஆர்.ஓ. என்போம். பெரியவரின் மூக்கில் இருக்கும் மச்சம்கூடத் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று மிக உயர்ந்த தரத்தில் படமெடுத்தார்கள். லிஃப்ட் வாசல், ரத்தம் எடுக்கும் இடம், பிரேதக்கிடங்குக்குப் போகும் வழி என்று ஓர் இடம் பாக்கியில்லை. எங்கே திரும்பினாலும் பெரியவர் கைகூப்பி, உங்கள் நலமே எங்கள் மூச்சு என்றார்.

அந்தப் படம் அத்தனையும் என் கேபிள் வழியாகத்தான் போனது. டெலிபோன் பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் இதில் அனுப்ப முடியும். நெரிசலில் சிக்கிய துண்டுகளில் சில பிந்தி வரும், சில வராமலே போகும். ஒரு கோப்பு கொஞ்சம் பிந்தித் திறந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது. பேச்சு பிந்தி வந்தால் அது பேச்சே இல்லை. கூப்பிடுகிறவர்கள் காதில், "வண... எந்த வா... பெயர் சொல்... குதா" என்று விழுந்தது. அந்தம்மா வார்த்தையை விழுங்குகிறார், வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டே பேசுகிறார் என்று புகார்மேல் புகார்.

பி.ஆர்.ஓ. இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஆபரேட்டரை எடுத்துவிட்டு, பதிவு செய்த குரலை வைத்துவிடலாம். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும். இயந்திரம் வந்து அவர் அறையில் பெட்டியோடு உட்கார்ந்தது. அதில் பேச நல்ல குரல் வேண்டுமே என்று தேடி, கடைசியில் யாரைப் பிடித்தார் தெரியுமா? என் அக்காவைத்தான். இந்தக் கட்டடத்திலேயே உங்க குரல்தான்மா தெளிவான குரல் என்று மனம் குளிரப் புகழ்ந்து, அவள் வேலையைப் பிடுங்கப் போகும் இயந்திரத்துக்கு அவளையே பேசவைத்தார். அவளும் பேசினாள். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் "கேக்குதா?" என்று சேர்ந்துகொண்டதால் திரும்பத் திரும்பப் பேச வேண்டியதாயிற்று.

ஒரு மத்தியானம் அதை ஓட்டிப் பார்த்தார்கள். இயந்திரத்தின் குரலும் அதே கேபிளில்தானே போக வேண்டும், அதுவும் உடைந்து உடைந்துதான் போனது. பி.ஆர்.ஓ. ஆழ்ந்து யோசித்துவிட்டு, அந்தம்மா ரெக்கார்ட் பண்ணும்போதே முழுங்கிட்டாங்க என்றார். வேறு ஒரு குரலுக்கு ஏற்பாடு செய்துவிட்டு ஆண்டு விழாவுக்குப் பிறகு மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. அன்று இரவு அக்கா தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள், கேக்குதா என்றுகூடக் கேட்கவில்லை. கோளாறு அவள் தொண்டையில் இல்லை, என் பெட்டியில் இருக்கிறது. அதை நான் சரிசெய்யாமல் வேறு யார் செய்வது?

செய்யவேண்டியது சின்ன வேலை. என் ஸ்விட்சுக்குள் எட்டு வரிசைகள் உண்டு, பூஜ்யத்திலிருந்து ஏழு வரை. எது எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று நாம் சொல்லிவிட்டால் போதும். எண் பெரிதானால் மரியாதையும் பெரிது. ஏழு என்பது ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வரிசை, அதில் மனிதர்களை விடக்கூடாது. ஆறும் ஐந்தும் அவசரங்களுக்கு. பூஜ்யம் ஊர்பேர் தெரியாத சாதாரண ஜனங்களுக்கு. இந்தப் பெட்டியைச் செய்தவர்கள் ஒரு கிறுக்குத்தனமும் செய்து வைத்திருந்தார்கள். ஒன்றாம் எண்ணைப் பூஜ்யத்துக்கும் கீழே தள்ளிவிட்டார்கள். யாரும் காத்திருக்காத வேலைகளுக்கு, பழைய கோப்புகளுக்கு நகல் எடுத்து வைப்பது போன்ற நாதியற்ற காரியங்களுக்கு, அந்த இடம். எல்லாரும் போன பிறகு வழி இருந்தால் ஒன்று போகலாம்.

டெலிபோனை மேலே ஏற்றிவிட்டால் அக்காவின் குரல் கணீரென்று போகும். ஆனால் எங்கள் மருத்துவமனையில் ஒரு பல்பை மாற்றவும் அனுமதி வேண்டும். டெலிபோனுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மேலே எழுதினேன். அந்தச் சொல்லை நான் அந்தக் கட்டடத்தில் எழுதியிருக்கக் கூடாது. முன்னுரிமை என்று ஒன்று இருக்கிறது, அது கீழே நெட்டின் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் ஆளாளுக்குத் தூக்கம் போய்விட்டது. இதுவரை தங்களுக்கு முன்னுரிமை இல்லாமலா இருந்தது என்ற திகைப்பே பலருக்குத் தாங்கவில்லை.

முன்னுரிமைக் குழு என்று ஒன்று கூடியது. பெரியவர், துணை இயக்குநர், மூத்த டாக்டர்கள், கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ், பி.ஆர்.ஓ., நான். துணை இயக்குநரை நாங்கள் சின்னவர் என்போம். பெரியவர் தும்மினால் கைக்குட்டை எடுக்கிற ஆள். வார்டு நர்ஸுகளையும் பரிசோதனைக்கூடத்தையும் கூப்பிட்டிருந்தார்கள், அவர்களுக்கு வேலை இருந்ததால் வரவில்லை. அக்காவால் நாற்காலியை விட்டு எழுந்துவர முடியாது.

எந்த விதமான தகவல் முதலில் போக வேண்டும் என்பதுதான் கேள்வி என்று நான் ஆரம்பித்தேன். யார் முதலில் போக வேண்டும் என்பதுதான் கேள்வி என்று பி.ஆர்.ஓ. திருத்தினார். போன ஆண்டு விழாவில் நாற்காலி போட்ட ஒழுங்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்து அரை மணிக்குள் முடித்துவிட்டார்கள். ஒன்று பெரியவருக்கு. இரண்டு சின்னவருக்கு. மூன்று மூத்த டாக்டர்களுக்கு. நாலு கணக்குப் பிரிவுக்கு, ஐந்து ஸ்டோர்ஸுக்கு. நாலா ஐந்தா என்று அந்த இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டதில் ஒருவருடைய கண்ணாடி கீழே விழுந்தது. மிச்சம் மீதி, அதாவது டெலிபோன், வார்டுகள், பரிசோதனைக்கூடம் என்று கூட்டத்துக்கு வராத அத்தனை பேரும் ஆறில். திரைகள்? பெரியவர் முகம் இருப்பதால் அவையும் ஒன்றில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிரிப்பும் வந்தது. ஆனாலும் வாங்குகிற சம்பளத்துக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"சார், ஸ்விட்சுல ஒண்ணுங்கறது முதல் எடம் இல்ல. நம்பர் பெருசாகப் பெருசாகத்தான் மதிப்பு. ஒண்ணு எல்லாத்துக்கும் அடியில இருக்கு. பூஜ்யம்கூட அதுக்கு முன்னாடி போயிடும்."

பெரியவர் புன்னகைத்தார். "பூஜ்யம் என்னை முந்திட்டுப் போகுமா?"

அறை முழுக்கச் சிரித்தது. சின்னவர் மற்றவர்கள் முடித்த பிறகும் சிரித்தார். நான் மறுபடி சொன்னேன். ஒன்று உலகம் முழுக்க ஒன்றுதான், இயந்திரம் வேறு மாதிரி நினைத்தால் இயந்திரத்தைத்தான் திருத்த வேண்டும் என்றார் பி.ஆர்.ஓ. விஷயம் தெரிந்தவர்தான், எடுத்துச் சொல்லத்தான் வரவில்லை என்று சின்னவர் எனக்காகப் பரிந்து பேசினார். மூன்றாம் தடவை சொன்னபோது பெரியவர் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு குடுக்க உங்களுக்கு மனசு வரலையா?"

அதற்குமேல் பேச நான் என்ன பைத்தியமா? மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கீழே போய் உட்கார்ந்து, குழு சொன்னதை அட்சரம் பிசகாமல் ஸ்விட்சுக்குச் சொன்னேன். பெரியவரை ஒன்றில் போட்டபோது என் விரல் கொஞ்சம் சந்தோஷமாகவே தட்டியது என்பதை மறைக்க மாட்டேன். பக்கத்து அறையில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன நெட்டு, பாட்டெல்லாம் பலமாக இருக்கிறதே என்றார்கள்.

அன்று சாயங்காலமே அக்காவின் குரல் திரும்பிவந்துவிட்டது. ஒரு சொல் விழவில்லை. வார்டுகளில் கணினியைத் தொட்டதும் திறந்தது. பரிசோதனை முடிவுகள் நோயாளி சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொள்வதற்குள் டாக்டர் முன்னால் வந்து நின்றன. கூட்டத்துக்கு வராத எல்லாருக்கும் நல்லகாலம் பிறந்தது.

மேல் மாடியில் கதை வேறு. பெரியவரின் கணினி ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் யோசித்தது. வாசலில் காத்திருக்கும் பார்வையாளர் பொழுதுபோகாமல் கைபேசியில் பூனை விளையாடுவதைப் பார்க்கிறாரே, அந்தப் பூனை எங்கள் வைஃபை வழியாகப் பூஜ்யத்தில் போனது. பெரியவர் அதற்கும் பின்னால் நின்றார். திரைகளில் அவர் முகம் நகர்ந்தது, நின்றது. லிஃப்ட் வாசலில் வாய் திறந்தபடி நின்றார். ரத்தம் எடுக்கும் இடத்தில் பாதிக்கண் மூடி நின்றார். குழந்தைகள் பிரிவில் ஒரு பெண் குழந்தை அதைப் பார்த்துவிட்டு, இந்தத் தாத்தாவுக்கும் ஊசி போட்டார்களா என்று அம்மாவிடம் கேட்டது.

என்னைக் கூப்பிடுவார்கள் என்று தயாராக இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஏன் என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது. ஒன்றாம் எண்ணில் இருக்கிறவர் வேகமில்லை என்று எப்படிச் சொல்வார்? சொன்னால், கேட்டு வாங்கிய முதலிடம் என்ன ஆவது? அவர் சொல்லாதபோது மற்றவர்கள் எப்படிச் சொல்வார்கள்? திரையில் பெரியவர் உறைந்து நிற்பதைப் பார்த்த பி.ஆர்.ஓ., இப்போதெல்லாம் படம் அவசரப்படாமல் கம்பீரமாக ஓடுகிறது என்று எழுதியே கொடுத்தார். பெரியவர் அதைப் படித்து, ஆமாம், முன்பு கொஞ்சம் படபடவென்று இருந்தது என்றாராம்.

பாவம், மாட்டிக்கொண்டவர் சின்னவர். இரண்டாம் எண் ஒன்றைவிட மேலே அல்லவா? ஒருநாள் நான் பெரியவர் அறையில் ஒரு வயரைச் சொருகிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கோப்பைத் திறந்தார்கள். சின்னவர் திரையில் அது டக்கென்று வந்துவிட்டது. பெரியவர் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சின்னவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நைஸாக ஒரு ஃபைலை எடுத்துத் தன் திரையை மறைத்துக்கொண்டு, எனக்கும் இன்னும் வரலை சார் என்றார். பெரியவருக்கு வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பெரியவரோடு உட்காரும்போதெல்லாம் கணினியை அணைத்தே வைத்தார்.

இதற்கிடையில் டெலிபோனைப் பற்றிப் பாராட்டுகள் வர ஆரம்பித்தன. எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார் அந்தம்மா, எவ்வளவு இதமாக என்று வெளியிலிருந்து எழுதினார்கள். பாராட்டு வந்தால் அது மேலே போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. முன்னுரிமைக் குழுவின் வெற்றி என்று பெரியவர் எடுத்துக்கொண்டார். கடைசி எண்ணில் இருந்தும் இப்படி உழைக்கிறாரே என்று அவருக்கு மனம் இளகிவிட்டது. மெய்யாகவே இளகியது, நடிப்பு இல்லை. அதுதான் ஆபத்து. கெட்ட எண்ணத்தோடு வருகிறவரைத் தடுத்துவிடலாம், மனம் இளகி வருகிறவரை என்ன செய்வது?

ஆண்டு விழா வந்தது. அரங்கம் நிறைய ஜனம். நான் ஒலிபெருக்கி வயர்களுக்குப் பக்கத்தில் நின்றேன், அக்கா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் பேச்சின் நடுவில் அக்காவை மேடைக்கு அழைத்தார். ஒரு பூங்கொத்தைக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம்.

"இவங்க கடைசியில நின்னு நம்ம எல்லாரோட மானத்தையும் காப்பாத்தினவங்க. முதல் எடத்துல உக்காந்துட்டு இதைப் பாத்துட்டு இருக்க எனக்கு வெக்கமா இருக்கு. நாளையிலேருந்து ஒண்ணாம் நம்பர் டெலிபோனுக்கு. நான் ஆறுக்குப் போறேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சின்னவர் எழுந்து நின்று தட்டினார். அவர் ஆறுக்குப் போனால் அந்தத் திரைகளும் ஆறுக்குப் போகும். மூக்கு மச்சத்தோடு சேர்ந்த அத்தனை படமும் முதலில் போகும். அது ஓயாமல் போகும், ஒன்றாம் எண்ணுக்கு வழியே விடாது. அக்காவின் குரலில் முன்புபோலப் பாதிகூட வெளியே போய்ச் சேராது. பி.ஆர்.ஓ. அறையில் அந்த இயந்திரம் இன்னும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தது.

அக்காவுக்கு எல்லாம் தெரியும். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஸ்பூன்களை வரிசையாக வைத்து நான்தான் விளக்கியிருந்தேன். மேடையில் அவள் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். பூங்கொத்தை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ரொம்ப நன்றி சார். ஆனா நான் இருக்கற எடத்துலயே இருந்துக்கறேன். எனக்கு ஒண்ணு வேண்டாம். தயவுசெஞ்சு மாத்திடாதீங்க. கேக்குதா சார்?"

பெரியவருக்குக் கேட்டது. ஆனால் அவர் கேட்டது வேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட பணிவைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார், பார்த்த பிறகு தன் முடிவு இன்னும் உறுதியாகிவிட்டது என்றார். அரங்கம் மறுபடி தட்டியது. அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒன்றாம் எண் அவள் கழுத்தில் இன்னும் இறுக்கமாக விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவள் பூங்கொத்தை என் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேலை போனால் மாடி அறைக்கு வாடகை தராமல் ஒருநாளும் தங்கமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். நாங்கள் வாடகை கேட்கமாட்டோம் என்பது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் நேரே பெரியவர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு, என் வேலை போனாலும் போகட்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒன்றாம் எண்தான் அடிமட்டம் என்றேன். இத்தனை நாள் நீங்கள் பூனைக்குப் பின்னால் நின்றீர்கள் என்றேன். இப்போது நீங்கள் போகிற ஆறுதான் மேலிடம், நீங்கள் தியாகம் செய்யவில்லை, அந்த அம்மாவின் இடத்தைப் பிடுங்குகிறீர்கள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எழுந்து வந்து என் தோளில் கைவைத்தார்.

"நான் கீழ எறங்கறது உங்களுக்குத் தாங்கலை. புரியுது. அதுக்காக ஆறுதான் பெருசுன்னு பொய் சொல்லி என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம்."

உண்மையைச் சொன்னபோது எனக்கு மனசில்லை என்றார்கள். மறுபடி உண்மையைச் சொன்னால் முகஸ்துதி என்கிறார்கள். அந்த அறையில் உண்மைக்குப் போட ஒரு நாற்காலிகூட இல்லை. சரி, இனி அதை நிற்கவைத்துக் கால் வலிக்கவிடுவானேன்?

கீழே என் அறைக்கு வந்தேன். ஸ்விட்சைத் திறந்து வரிசைகளைப் பார்த்தேன். டெலிபோன் ஆறு. பெரியவர் ஒன்று. இந்தப் பெட்டிக்குள் ஓடும் ஒவ்வொரு துண்டின் நெற்றியிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். ஸ்விட்ச் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்லை, நெற்றியைத்தான் பார்க்கும். மாடியில் இருக்கிறவர்களும் அப்படித்தானே. பிறகு எதையும் தொடாமல் மூடிவிட்டு, மேலே போன் செய்தேன்.

"மாத்தியாச்சு சார்."

இத்தனை வருஷ வேலையில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், இரண்டே வார்த்தை. பி.ஆர்.ஓ. முன்வாசலில் ஒரு பலகை மாட்டினார். ஒன்றாம் எண்: தொலைபேசிப் பிரிவு. ஆறாம் எண்: தலைமை இயக்குநர். எழுத்து தங்க நிறத்தில் பளபளத்தது.

பெரியவர் கணினி பழையபடி யோசித்தது, திரைகள் பழையபடி உறைந்தன, எதுவும் மாறவில்லை. அவர் மட்டும் மாறிவிட்டார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்ததை இப்போது மனம்விட்டுச் சொன்னார். ஒரு கோப்பு திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடுகிறேன் என்று பூரித்தார். கடைசியில் நிற்கிறவனுக்குத்தான் பொறுமை என்றால் என்னவென்று தெரியும் என்றார். பார்க்க வருகிறவர்களை உட்காரவைத்து, பாருங்கள் சுற்றுவதை என்று அந்தச் சக்கரத்தைக் காட்டினார். அவர்களும் அடக்கமாகப் பார்த்தார்கள். லிஃப்ட் வாசலில் வாய் திறந்து நிற்கும் முகத்துக்குக் கீழே 'காத்திருப்பதே சேவை' என்று எழுதிப்போட்டார் பி.ஆர்.ஓ. ஒன்றாம் எண்ணில் இப்படிப் பேசுகிற குரலை எடுத்துவிட்டு இயந்திரத்தை வைப்பதா என்று பெரியவரே கேட்டுவிட்டதால், அந்தப் பெட்டி என் அறைக்கு வந்தது. பக்கத்து அறைக்காரர்கள் அதன்மேல் தலையணை உறைகளை அடுக்குகிறார்கள்.

கொஞ்ச நாளில் மேல் மாடியில் நோய் பரவிவிட்டது. கணக்குப் பிரிவுத் தலைவர் தன் கணினியும் படுத்துகிறது என்று பெருமையாக முனகினார். மூத்த டாக்டர்களில் ஒருவர் தன்னை ஒன்றிரண்டு படி இறக்க முடியுமா என்று வராந்தாவில் என்னை மடக்கிக் கேட்டார். நாற்காலிக்கு அடித்துக்கொண்டவர்கள் இப்போது தரைக்கு அடித்துக்கொண்டார்கள்.

போன வாரம் என் மேஜை போன் அடித்தது. அக்கா.

"தம்பி, சின்னவர் லைன்ல இருக்காரு. ஆறுக்கும் கீழ ஏழுன்னு ஒண்ணு இருக்காமே, அது காலியான்னு கேக்கறாரு. பெரியவருக்குத் தெரிய வேண்டாமாம். குடுக்கட்டுமா லைனை?"

ஏழில் சின்னவரை விட்டால் கட்டடமே படுத்துவிடும். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அதுக்கு முன்னாடியே நெறைய பேரு வரிசையில நிக்கறாங்கன்னு சொல்லு. காத்திருக்கட்டும்."

சொல்கிறேன் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில், அவசரமில்லாமல் பேசினாள். சாயங்காலம் வரும்போது என்ன வாங்கி வர வேண்டும் என்று என் மனைவி சொன்னதையும் சொல்லிவிட்டு வைத்தாள். முழுப் பேச்சிலும் ஒருமுறைகூட அவள் கேக்குதா என்று கேட்கவில்லை.